மரம் சுருங்குமா? முகிற்காட்டில் மர வளர்ச்சியை அளப்பது பற்றி

கல்முனையைச் சேர்ந்த இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மலைநாட்டில் உள்ள ஹோட்டன் சமவெளியின் முகிற்காட்டில், அதாவது அடிக்கடி முகில் மூடிக்கிடக்கும் மலைக்காட்டில், 60 மரங்களைப் போன வருடம் ஜூலையில் நாடாவால் அளந்திருக்கிறார். இந்த மார்ச்சில் திரும்பப் போய் அளந்தபோது 22 மரங்களின் விட்டம் குறைந்திருந்ததாம். ஒவ்வொரு முறையும் நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தைப் புதிதாக அளந்து, அங்கே நாடாவைச் சுற்றியதாகச் சொல்கிறார். மரம் சுருங்குமா, அந்த 22 மரங்களையும் தரவிலிருந்து எடுத்துவிடலாமா, மாதாமாதம் மலைக்குப் போக வசதியில்லாத ஒருவர் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்துகொண்டே இந்த வேலையைப் பழக முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 22 மரங்களில் ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம். மரம் கொஞ்சம் சுருங்கும், உண்மைதான். ஆனால் உங்கள் தாளில் உள்ள குறைவுக்கு அது முதற் காரணமாக இருக்காது. முகிற்காட்டில் ஒரு மரம் எட்டு மாதத்தில் வளரும் அளவைவிட, நாடா பிடிக்கும்போது வரும் வழு பெரிது. இதைப் பிடித்துக்கொண்டால் எதை வாங்குவது, எப்போது அளப்பது, எத்தனை வருடம் அளப்பது என்பதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

அங்கே வளர்ச்சி எவ்வளவு மெதுவானது என்று பாருங்கள். நம் பக்கத்தில் நல்ல மண்ணில் நட்ட தேக்கு, முதல் சில வருடங்களில் ஆண்டுக்கு ஒரு செ.மீ.க்கு மேலும் பருக்கும். வெப்பவலய மலைகளின் முகிற்காட்டில் பெரும்பாலான மரங்கள் ஆண்டுக்கு ஒரு மி.மீ. அளவில்தான் விட்டம் கூடுகின்றன. அதிலும் பாதிகூட வளராதவை நிறைய உண்டு. ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை அளவு; மட்டக்களப்பில் அது 27 பாகைக்கும் மேல். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே உறைபனியும் விழும். குளிரோடு முகில் வெளிச்சத்தையும் குறைக்கிறது. நனைந்த இலையில் வாயுப் பரிமாற்றம் தடைப்படுகிறது. மண் எந்நேரமும் ஈரமாகவும் குளிர்ந்தும் இருப்பதால் உதிர்ந்த இலை மெதுவாகத்தான் மக்கும். அதற்குள் இருக்கும் நைதரசனும் பொசுபரசும் வேருக்குச் சீக்கிரம் கிடைப்பதில்லை. இது ஊகம் இல்லை. ஜமைக்காவின் நீலமலைகளில் சூழலியலாளர் எட்மண்ட் டானரும் அவரது குழுவினரும் முகிற்காட்டு மரங்களுக்கு நைதரசனையும் பொசுபரசையும் தனித்தனியாக இட்டுப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டுமே அடிமரத்தின் வளர்ச்சியைக் கூட்டின.

சரி, ஒரு மி.மீ. என்பதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் நாடாவுக்கு வருவோம்.

20 செ.மீ. விட்டமுள்ள மரத்தின் சுற்றளவு 62.8 செ.மீ. நாடா ஒரு பக்கம் 5 பாகை சரிந்திருந்தால் போதும், சுற்றளவு ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் காட்டும். விட்டமாக மாற்றினால் 0.4 மி.மீ. அளவு வரும். அடிமரம் மேலே போகப் போக ஒடுங்கும் அல்லவா? ஒரு மீற்றருக்கு ஒரு செ.மீ. ஒடுங்கும் மரத்தில், போன முறை அளந்த இடத்திலிருந்து 5 செ.மீ. மேலே அளந்தால் விட்டம் 0.5 மி.மீ. குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் நிலத்திலிருந்து 1.3 மீற்றர் அளந்ததாகச் சொன்னீர்கள். அந்தக் காட்டில் நிலம் என்பது எது? வேர்களுக்கு மேல் இலைச்சருகும் பாசியும் கூடிக் கிடக்கும் மெத்தை அது. மிதித்தால் அமுங்கும், மழைக்குப் பிறகு உப்பும். 5 செ.மீ. தவறுவது மிகச் சாதாரணம்.

இதற்கெல்லாம் மேலே பாசி. முகிற்காட்டின் அடிமரத்தில் வெறும் பட்டையைக் காண்பது அரிது. பாசி, லைக்கன், மெல்லிய பன்னங்கள், ஓகிட்டுகள் என்று சுற்றிலும் மூடியிருக்கும். அதன்மேல் நாடாவைச் சுற்றுவது, கம்பளி போர்த்திக்கொண்டிருப்பவரின் இடுப்பை அளப்பது மாதிரி. பாசி 3 மி.மீ. தடிப்பாக இருந்தால் விட்டத்தில் 6 மி.மீ. கூடிவிடும், மரத்தின் ஆறு வருட வளர்ச்சிக்குச் சமம். அந்தத் தடிப்பு மாறாமல் இருந்தாலாவது பரவாயில்லை. ஜூலையில் தென்மேல் பருவக்காற்று வீசும்போது பாசி நீரில் ஊறி உப்பியிருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே காய்ந்த காலம். தொட்டாலே நொறுங்கும் அளவுக்கு உலர்ந்துவிடும். ஈரப் பாசியில் முதல் அளவும் உலர்ந்த பாசியில் இரண்டாம் அளவும் எடுத்திருக்கிறீர்கள். சுற்றிலும் அரை மி.மீ. பாசி ஒடுங்கியிருந்தால் விட்டத்தில் ஒரு மி.மீ. போய்விடும்.

இனி மரம் உண்மையிலேயே சுருங்கும் விஷயம். பகலில் இலை ஆவியுயிர்ப்பால் நீரை இழக்கும்போது, வேரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. பட்டையிலும் அதற்கு அடியில் உணவைக் கடத்தும் உரியத்திலும் உள்ள நீர், நீரைக் கடத்தும் காழை நோக்கி இழுபடும், தண்டு மெலியும். இரவில் நீர் திரும்பி நிரம்ப, மறுபடி பருக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் ஒரு மி.மீ.யின் பத்தில் ஒரு பங்குக்குள்தான் அடங்கும். நாள்பட்ட வறட்சியில் குறைவு சேர்ந்துகொண்டே போய் வாரக்கணக்கில் நிற்கும், மழை வந்ததும் ஓரிரு நாளில் திரும்பிவிடும். முகிற்காட்டில் இன்னொன்றும் நடக்கிறது. சில இனங்கள் இலை வழியாகவே பனிமூட்டத்தின் நீரை உள்ளே எடுக்கின்றன. அதனால் மழைமானியில் ஒரு துளியும் விழாத நாளிலும் தண்டு பருத்திருக்கலாம்.

நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நம் முகத்தில் அனலாய் அடிக்கும் கச்சான் காற்று எங்கிருந்து வருகிறது? அதே தென்மேல் பருவக்காற்றுத்தான். மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறி நம்மிடம் வந்து சேர்கிறது. ஹோட்டன் சமவெளியில் மரங்கள் முகிலுக்குள் ஊறிக்கிடக்கும் அதே வாரத்தில், கல்முனையில் உங்கள் வீட்டு வேம்பு நீரை இழந்து மெலிந்துகொண்டிருக்கும். மாரி தொடங்கி வாடை வீசும்போது நிலைமை தலைகீழ். ஆகவே எந்தப் பருவத்தில் முதல் அளவை எடுத்தீர்களோ, அதே பருவத்தில்தான் அடுத்ததையும் எடுக்க வேண்டும்.

இப்போது அந்த 22 மரங்களின் கணக்கைப் பார்ப்போம். நாடாவால் கவனமாக அளந்தாலும், அந்தக் காட்டில் ஓர் அளவுக்கு விட்டத்தில் ஒரு மி.மீ. வழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி என்பது இரண்டு அளவுகளின் வித்தியாசம். இரண்டின் வழுவும் சேரும். ஒன்றோடு ஒன்றைக் கூட்டுவது இல்லை, இரண்டின் வர்க்கமூலம்: 1.4 மி.மீ. எட்டு மாதத்தில் ஒவ்வொரு மரமும் உண்மையில் 0.6 மி.மீ. வளர்ந்தது என்றும், வழுக்கள் இரு பக்கமும் மணி வடிவில் பரவியிருக்கின்றன என்றும் எடுத்துக்கொண்டால், 60 மரங்களில் சுமார் 20 மரங்கள் சுருங்கியதாகத் தாளில் வரவேண்டும். உங்களுக்கு வந்தது 22. ஒரு மரமும் சுருங்காமலே இது வரும்!

இந்த நேரத்தில் அந்த 22ஐயும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கீழ்ப்பக்கமாகத் தவறிய அளவுகள் போய்விடும்; மேல்பக்கமாகத் தவறியவை அப்படியே இருக்கும். மேலே சொன்ன எடுகோள்களோடு கணக்கிட்டால், மிஞ்சும் மரங்களின் சராசரி 0.6 இல்லை, ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகிவிடும். காட்டின் வளர்ச்சியை இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூட்டிச் சொல்லியிருப்பீர்கள். மறை எண் அசிங்கமாகத் தெரிவதால் அதை அழித்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அந்த வழக்கத்துக்குள் போகாதீர்கள். எழுத்துப் பிழை என்று உறுதியாகத் தெரிந்த அளவை மட்டும், உதாரணமாக 26.3ஐ 23.6 என்று மாற்றி எழுதியிருந்தால் அதை மட்டும், காரணத்தைக் குறித்துவிட்டு விலக்கலாம்.

எல்லா மரங்களையும் வைத்துக்கொண்டால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு மரத்துக்கு 1.4 மி.மீ. வழு என்றாலும், 60 மரங்களின் சராசரிக்கு அது 60இன் வர்க்கமூலத்தால் வகுபட்டு 0.2க்கும் கீழே வந்துவிடும். ஆனால் இது எழுமாற்றாக இரு பக்கமும் விழும் வழுக்களுக்குத்தான் பொருந்தும். பாசி உலர்ந்தது எல்லா மரத்திலும் ஒரே திசையில் விழும் வழு. ஆயிரம் மரம் அளந்தாலும் அது போகாது. கையின் வழுவும் பாசியும் உங்கள் எண்களுக்குள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை இப்போது உள்ள இரண்டு அளவுகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இந்த ஜூலையில் மூன்றாம் முறை அளந்தால் பிரிக்கலாம். ஜூலைக்கு ஜூலை, ஈரத்துக்கு ஈரம். உங்கள் ஆய்வுக்கு இப்போது மிக அவசியமான வேலை அதுதான்.

போகும்போது, அளக்கும் இடத்தைப் பெயின்ரால் ஒரு மெல்லிய கோடாகக் குறித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு 1.3 மீற்றர் என்ற எண் முக்கியமில்லை, கோடுதான் முக்கியம். இலக்கத் தகட்டை அறையும் ஆணி கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஆணி பட்ட இடத்தில் மரம் வீங்கும், அந்த வீக்கம் உங்கள் அளவுக்குள் வந்துவிடக் கூடாது. தையல்காரரின் துணிநாடா வேண்டாம், அது இழுபடும். இழை கலந்த நாடாவோ உருக்கு நாடாவோ நல்லது.

நாடா ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளப்பவர்களுக்கு உரிய கருவி. சிங்கராஜ வனத்தில் 1990களில் அமைத்த 25 ஹெக்டேயர் நிலைத்த ஆய்வுத்துண்டிலும் (அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளப்பதற்காக எல்லையிட்ட காட்டுப்பகுதி), அதைப் போன்று உலகெங்கும் உள்ள பெரிய துண்டுகளிலும் ஏறத்தாழ ஐந்து வருட இடைவெளியில் அளப்பது இதனால்தான். ஒரு வருடத்துக்குள் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் டென்ட்ரோமீற்றர் பட்டிதான் வழி. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, வீட்டிலேயே செய்யக்கூடிய சாமான். ஒரு செ.மீ.க்குச் சற்று அகலமான, மெல்லிய, துருப்பிடிக்காத உருக்குப் பட்டி. ஒரு சின்னக் கொக்கித் துண்டு. ஒரு துருப்பிடிக்காத ஸ்பிரிங். பட்டியை மரத்தைச் சுற்றி, ஒரு முனையைக் கொக்கித் துண்டுக்குள் நுழைத்து, ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். மரம் பருக்கப் பருக்க ஸ்பிரிங் நீளும். பட்டியில் முன்கூட்டியே போட்ட இரண்டு குறிகளுக்கிடையே உள்ள இடைவெளி கூடும். அந்த இடைவெளியை வேணியர் இடுக்கியால் அளக்கிறோம். விட்டம் ஒரு மி.மீ. கூடினால் இடைவெளி 3.14 மி.மீ. கூடும் என்பது இதில் உள்ள அழகு. இடுக்கி 0.05 மி.மீ. வரை காட்டினாலே விட்டத்தில் 0.02 மி.மீ.க்கும் குறைவான மாற்றம் பிடிபடும். பட்டி இடம் மாறுவதில்லை, சரிவதில்லை, அளப்பவர் மாறினாலும் பெரிய வித்தியாசம் வராது. நாடாவின் பெரிய வழுக்களில் பாதிக்கு மேல் அங்கேயே ஒழிந்துவிடும்.

கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். முதலில் பட்டி போகும் பாதையில் மட்டும், மூன்று விரல் அகலத்துக்குப் பாசியைக் கையால் மெதுவாக வழித்து எடுங்கள். கத்தி வேண்டாம், பட்டையைச் சுரண்டினால் மரம் அந்த இடத்தில் காயத்தை ஆற்ற வளர்க்கும் இழையமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். உரிந்து தொங்கும் பட்டைச் செதில் இருந்தால் விரலால் தட்டி உதிர்த்துவிடலாம். பாதையில் ஓகிட்டோ பன்னமோ இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள், பட்டியை 10 செ.மீ. மேலே கொண்டுபோய்க் கட்டி, உயரத்தை எழுதி வையுங்கள். பட்டியைச் சுற்றியபின் ஸ்பிரிங்கை மாட்டி, பட்டியைச் சுற்றிவர விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். தட்டத் தட்ட அது தளர்ந்து ஒழுங்காகப் படியும். சரியாகப் படிந்த பட்டிக்குக் கீழே எங்கும் நகம் நுழையாது. அப்படி இருந்தும் முதல் சில மாதங்கள் பட்டி தன் தளர்வை எடுத்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் வளர்ச்சியைக் குறைத்துக் காட்டும். முதல் ஆறு மாத அளவுகளைப் பழகும் அளவுகளாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கணக்கைத் தொடங்குவது நல்லது. வசதி இருந்தால் முழு வருடமும் விட்டுவிடுங்கள். இறுதியாண்டு மாணவருக்கு இது கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் இந்த வேலையை ஒரு மாணவர் தொடங்கி, அடுத்த தொகுதி மாணவர் தொடர வேண்டும் என்று எங்கே பேசினாலும் வற்புறுத்துகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசித்தால் போதும். காலையில், முடிந்தவரை ஒரே நேரத்தில். பகல் ஏறினால் தண்டு மெலியும் என்பதோடு, உருக்கும் சூட்டில் நீளும். 63 செ.மீ. பட்டி 10 பாகை வெப்ப உயர்வுக்கு 0.1 மி.மீ. நீளும், விட்டத்தில் 0.03 மி.மீ. சின்ன எண்தான். ஆனால் மூன்று மாதத்தில் கால் மி.மீ. வளரும் மரத்துக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஒவ்வொரு வாசிப்புக்கும் பக்கத்தில் நேரம், முதல் நாள் மழையா, மூட்டமா, வாசித்தவர் யார் என்று எழுதுங்கள். அன்றைய மரங்களில் பத்தில் ஒன்றை, முதல் அளவைப் பார்க்காத இன்னொருவர் திரும்பவும் அளக்கட்டும். உங்கள் வழு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிய இதைவிட மலிவான வழி கிடையாது. மின்கலத்தில் ஓடும் இடுக்கி அந்த மூட்டத்தில் நனைந்தால் எண்கள் தாவத் தொடங்கிவிடும். சாதாரண வேணியர் இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

பணம் உள்ள ஆய்வுக்குழுக்கள் அரைமணிக்கு ஒருமுறை தானே பதியும் மின்னணு டென்ட்ரோமீற்றரைப் பூட்டுகின்றன. ஒரு மி.மீ.யின் ஆயிரத்தில் சில பங்குகள் வரை அது காட்டும். அதில் வளர்ச்சியையும் நீர் ஏற்ற இறக்கத்தையும் பிரிக்க ஒரு எளிய விதி வைத்திருக்கிறார்கள்: தண்டு முன்பு எட்டிய உச்சத்தைத் தாண்டினால் மட்டும், தாண்டிய அளவை வளர்ச்சி என்று கொள்வது. இடையில் மெலிந்து பருத்ததெல்லாம் நீர்க் கணக்கு. உங்களிடம் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் இந்த விதி உதவும். மார்ச்சில் குறைந்து ஜூலையில் மீண்ட பட்டியை எப்படி வாசிப்பது என்பதற்கு அதுவே வழிகாட்டி.

முகிற்காட்டு மரம் நேராக நிற்பதில்லை என்பது அடுத்த தொல்லை. அடியிலிருந்தே மூன்று நான்கு தண்டுகளாகப் பிரிந்திருக்கும், சாய்ந்திருக்கும், முறுக்கியிருக்கும். ஒவ்வொரு தண்டையும் தனி இலக்கத்தோடு அளந்து, எல்லாம் ஒரே மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு 1.3 மீற்றரை மேற்பக்கத்திலிருந்து அளப்பவர்களும் இருக்கிறார்கள், கீழ்ப்பக்கத்திலிருந்து அளப்பவர்களும் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் ஒன்றையே எல்லா மரத்துக்கும் வைத்து, அறிக்கையில் எழுதிவிட வேண்டும். 5 செ.மீ.க்குக் குறைந்த மெல்லிய தண்டில் பட்டி ஒழுங்காகப் படியாது. குறித்த இடத்தில் இடுக்கியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் வைத்து அளந்து, சராசரி எடுங்கள். உயரத்தை அளந்து வளர்ச்சி காண முயல வேண்டாம். மூட்டத்தில் உச்சி தெரியாது, காற்றில் கிளை முறிந்து உயரம் உண்மையாகவே குறையும்.

மரத்தை வெட்டி வளையம் எண்ணினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கடுங்குளிர் காலம் வந்து வளர்ச்சி அடியோடு நிற்கும் நாடுகளில் வருடத்துக்கு ஒரு வளையம் என்று நம்பலாம். இங்கே மாறிழையம் (பட்டைக்கு அடியில் புதிய மரத்தை உண்டாக்கும் மெல்லிய படை) முழுதாக ஓய்வெடுக்காத இனங்களில் வளையமே தெளிவாக விழாது, அல்லது ஒரே வருடத்தில் இரண்டு விழும். வளையம் ஆண்டுக்கு ஒன்றுதானா என்று சோதிக்க, மெல்லிய ஊசியால் மாறிழையத்தில் ஒரு காயம் வைத்து, அடுத்த வருடம் அந்த இடத்தில் சின்னத் துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அணுகுண்டுப் பரிசோதனைகளால் 1960களின் நடுவில் காற்றில் உச்சத்தைத் தொட்ட கதிரியக்கக் காபனை மரத்துக்குள் தேடி வயதைக் கணிப்பதும் உண்டு. இரண்டுக்கும் மரத்தைக் காயப்படுத்த வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் ஒரு பட்டப்படிப்பு ஆய்வுக்காக அதைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு ஜமைக்காவே பதில். டானர் அங்கே 1974இல் தொடங்கிய துண்டுகளைத் தொடர்ந்து அளந்து வந்ததால்தான், 1988 செப்டெம்பரில் கில்பர்ட் சூறாவளி அந்த மலைகளைத் தாக்கியபோது முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. முறிந்த மரங்களின் இடைவெளியால் வெளிச்சம் உள்ளே வர, தப்பிய மரங்களின் வளர்ச்சி வேகம் கூடியது. சூறாவளிக்குப் பிந்திய சில வருடங்களை மட்டும் அளந்தவர், அந்தக் காடு வேகமாக வளரும் காடு என்று எழுதியிருப்பார். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. விழுந்த மரங்களுக்கு இடையே நின்ற மரங்கள் பிறகு எப்படித் தழைத்தன என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஹோட்டன் சமவெளியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1970களிலிருந்து அங்கே மரங்கள் உச்சியிலிருந்து கருகி இறந்துவருவதை ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். வறட்சி, மண், காற்று மாசு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. அப்படிப்பட்ட காட்டில் உயிரோடு உள்ள மரத்தின் வளர்ச்சியை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் எந்த மரம் செத்தது, எதன் உச்சி காய்ந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இது மலைநாட்டாரின் பிரச்சினை, நமக்கென்ன என்று யாராவது கேட்டால் வெருகலைக் காட்டுங்கள். வெருகல் ஆறு மகாவலியின் ஒரு கிளை. மகாவலியின் தலைநீர்களில் ஒன்று ஹோட்டன் சமவெளியில் பிறக்கிறது. முகிலில் இருந்து நீரை வடித்தெடுத்து மண்ணுக்குத் தரும் மரங்கள் அவை. அவை வளர்கின்றனவா, தேய்கின்றனவா என்பது வாகரைப் பக்கத்து வயல்காரருக்கும் சேர்ந்த கேள்வி.

ஊரிலேயே பழகுவது பற்றி. தாராளமாக முடியும், அதுவும் மிகப் பொருத்தமான மரங்களில். ஹோட்டன் சமவெளியில் நீங்கள் அளந்த கீன மரம், நம் கடற்கரையில் நிற்கும் புன்னையின் பேரினத்தைச் சேர்ந்தது. அங்கே நிறைந்திருக்கும் சிவந்த தளிர் மரங்கள் பல, நம் நாவலின் பேரினம். ஆகவே கல்முனையிலிருந்து ஒலுவில் வரை கடற்கரையில் ஐந்து புன்னை, வீட்டுப் பக்கம் ஐந்து நாவல், தெரிந்தவர்களின் வளவுகளில் அனுமதி கேட்டுப் பட்டி கட்டுங்கள். வாரம் ஒருமுறை விடியற்காலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் வாசியுங்கள். கச்சான் வீசும் நாட்களில் பிற்பகல் எண் காலை எண்ணை விடக் குறைவதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். ஒக்டோபரில் முதல் மழைக்குப் பிறகு ஒரே இரவில் அது ஏறுவதையும் காண்பீர்கள். அதே மரங்களை நாடாவாலும் அளந்து, ஒரே நாளில் மூன்று பேர் எடுத்த அளவுகளின் நியம விலகலை, அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை, கணக்கிட்டால், உங்கள் கையின் வழு எவ்வளவு என்ற எண் கிடைத்துவிடும். நான் மேலே ஒரு மி.மீ. என்று வைத்துக்கொண்ட இடத்தில் அந்த எண்ணைப் போட்டு, 22 மரங்களின் கணக்கைத் திரும்பச் செய்து பாருங்கள். ஆய்வறிக்கையில் அது ஒரு முழு அத்தியாயம் ஆகும், நல்ல அத்தியாயமும் ஆகும்.

ஜூலைப் பயணத்துக்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் இப்போதே எழுதுங்கள், ஹோட்டன் சமவெளி அவர்களுடைய பொறுப்பில் உள்ள தேசியப் பூங்கா. பெயின்ரால் குறிப்பது, தகடு அறைவது, பட்டி கட்டுவது, பட்டிப் பாதையில் பாசியை எடுப்பது என்று ஒவ்வொன்றையும் விண்ணப்பத்தில் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆய்வு முடிந்தபின் பட்டிகளைக் கழற்றுவது யார், எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 60 மரத்துக்கும் ஒரேயடியாகப் பட்டி வாங்க முடியாவிட்டால், ஒவ்வொரு இனத்திலும் மெல்லியதும் பருத்ததுமாகச் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கித் தெரிவுசெய்து 20 மரத்துக்குக் கட்டுங்கள். மீதி 40ஐயும் கோட்டில் நாடாவால் அளந்தால், அந்த 20இல் பட்டியும் நாடாவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வைத்து மற்றவற்றின் அளவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடலாம்.